ஜெனரல் வார்டின் டம்மி

என் மனைவி செண்பகவல்லியின் ஐந்து வருஷ உழைப்புக்குக் கட்சி போட்ட விலை நூற்றிருபது ரூபாய். உழைப்புக்கு விலையே கிடையாது என்று மேடையில் மூன்று பேர் மாறி மாறிச் சொன்னார்கள். ஆனால் அவள் தோளில் விழுந்த பொன்னாடை என் கடையிலிருந்துதான் போனது. நூற்று நாற்பது சொன்னேன். கட்சியின் ஏரியா செயலாளர் சுதீஷ் அரைமணி நேரம் நின்று, என்னிடமே டீயும் வாங்கிக் குடித்து, இருபது ரூபாய் குறைத்து எடுத்துக்கொண்டு போனான். யாருக்கென்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் நல்ல ஜரிகையாகப் பார்த்துக் கொடுத்திருப்பேன்.

என் பெயர் கோமதிநாயகம். பூர்வீகம் சங்கரன்கோவில் பக்கம். அப்பா காலத்திலேயே திருவனந்தபுரத்துக்கு வந்து கரமனையில் துணிக்கடை போட்டாயிற்று. எங்கள் குடும்பத்துக் குழந்தைகள் முதலில் 'அம்மா' சொல்லும், அடுத்து 'கட்டுப்படியாகாது' சொல்லும்.

எங்கள் வார்டு புத்தன்கடவு. மேலே மெயின் ரோடும் புது ஃபிளாட்டுகளும், நடுவில் அக்ரஹாரத் தெருக்கள் மூன்று, கீழே ஆற்றை ஒட்டிய சின்ன வீடுகள். அந்த வார்டுக்குக் கவுன்சிலர் ஆகிவிட வேண்டும் என்பது எனக்கு முப்பது வருஷ ஆசை. போன தேர்தலில் என் முறை வந்தது. வெள்ளைச் சட்டை அரை டஜன் தைத்து வைத்திருந்தேன். நேரம் பாருங்கள், வார்டு எல்லைகளைப் புதிதாகப் பிரித்துக் குலுக்கியதில் வார்டு பெண்களுக்கென்று விழுந்துவிட்டது. இங்கே பாதி வார்டுகள் பெண்களுக்கு. ஒரு தடவை பெண்கள் வார்டாக இருந்தால் அடுத்த தடவை ஜெனரல் ஆகிவிடும்.

கட்சிக்காரர்கள் கலங்கவில்லை. "அண்ணாச்சி இல்லைன்னா அண்ணாச்சிக்க வீட்டுக்காரி" என்றார்கள். நானும் கலங்கவில்லை. மத்தியானம் சாப்பிடப் போகும்போது கல்லாவில் வீட்டு ஆளை உட்காரவைத்துவிட்டுப் போவோம் அல்லவா, அந்த மாதிரிதான் எனக்குத் தோன்றியது. அவள் ஐந்து வருஷம் உட்காரட்டும், நல்ல பெயர் சேரட்டும், ஜெனரல் ஆனதும் நான் வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

ஃபிளெக்ஸில் அவள் படம் தோசை அளவு, என் படம் தாம்பாளம் அளவு. ஜெயித்தாள். முதல் வருஷம் வார்டு சபையில் அவள் பக்கத்து நாற்காலி என்னுடையது. ஓடை எப்போது சரியாகும் என்று யாராவது கேட்டால் அவள் வாயைத் திறப்பதற்குள் நான் பதில் சொல்லி முடித்திருப்பேன். கார்ப்பரேஷன் ஆபீஸில் ஒரு கிளார்க் என்னையே 'கவுன்சிலரே' என்று கூப்பிடுவார். நான் திருத்தியதில்லை. இரண்டாம் வருஷம் என்னைக் காரிலேயே இருக்கச் சொன்னாள். மூன்றாம் வருஷம் ஸ்கூட்டர் ஓட்டப் படித்தாள். நாலாம் வருஷம் முதல் அவள் எங்கே இருக்கிறாள் என்பதை நான் வார்டு வாட்ஸ்அப் குரூப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இப்போது வார்டு ஜெனரல் ஆகிவிட்டது. அதற்குத்தான் பாராட்டு விழா, பொன்னாடை. சுதீஷ் மைக்கைப் பிடித்துத் தனக்கே உரிய மலையாளக் கலப்புத் தமிழில் பேசினான். அதில் 'கொல்லம்' என்றால் வருஷம், 'விஸ்ரமிக்க' என்றால் ஓய்வெடுக்க.

"நம்ம சேச்சி அஞ்சு கொல்லம் ஓடி ஓடி வேலை செய்தாச்சு. இனி சேச்சி கொஞ்சம் விஸ்ரமிக்கட்டும். வார்டு ஜெனரல் ஆயி. இனி நம்ம அண்ணாச்சிக்க சமயமாணு!"

கைதட்டல். நான் முதல் வரிசையிலிருந்து எழுந்து நாலு பக்கமும் கும்பிட்டேன். உள்ளதைச் சொல்லிவிட வேண்டும், வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மேடையில் செண்பகவல்லி பொன்னாடையின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். துணிக்கடைக்காரன் பெண்டாட்டி. விலை அவளுக்கும் தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அதை நாலாக மடித்து மேஜைமேல் வைத்தாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"நான் இன்னொரு தடவை நிக்கேன்."

"எங்க?"

"இங்கதான். புத்தன்கடவுல."

"அது இப்ப ஜெனரல்லா?"

"ஜெனரல்னா எல்லாருக்கும்தான? பொம்பள நிக்கப்பிடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

சட்டத்தில் இல்லை. வழக்கத்தில் இருக்கிறது. பெண்கள் வார்டில் பெண்கள் நிற்பார்கள், ஜெனரல் வார்டில் ஆண்கள் நிற்பார்கள். பஸ்ஸில் பெண்கள் சீட்டு என்று எழுதிவிட்டால் மீதிச் சீட்டெல்லாம் ஆண்கள் சீட்டு என்று நாம் நினைத்துக்கொள்வதில்லையா, அதே கணக்கு.

"எனக்கு முப்பது வருஷ ஆசை, செம்பகம்."

"தெரியும். அதனாலதான் கேட்டுட்டு நிக்கேன். வேற ஆளா இருந்தா கேட்டிருக்கவே மாட்டேன்."

பேரத்தில் பதில் தெரியாத இடம் வந்தால் காபி கேட்பது எங்கள் பரம்பரை வழக்கம். கேட்டேன். கொடுத்தாள்.

மறுநாள் சுதீஷ் கடைக்கு வந்திருந்தபோது அவளும் வந்து சேர்ந்தாள். சுற்றி வளைக்காமல் அவனிடமே கேட்டுவிட்டாள். அவன் சிரித்தான்.

"என்ட சேச்சீ, கார்ப்பரேஷன்ல பாதி வார்டு உங்களுக்குத் தந்நாச்சு. மிச்சப் பாதியும் வேணும்னா, பாவம் இந்த ஆணுங்க எங்க போகும்?"

"நாலு ஸ்டாப் தள்ளி சட்டசபை இருக்குல்லா, அங்க போங்க. அங்க பொம்பளைங்கள விரல் விட்டு எண்ணிரலாம். இடம் பூராம் உங்களுக்குத்தான்."

பில் போட்டுக்கொண்டிருந்த பெண் குனிந்து சிரித்தாள். சுதீஷ் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

"சேச்சி, இது கமிட்டி தீருமானம். அண்ணாச்சி நிக்கும். அண்ணாச்சிக்கு வேண்டாம்னா கிரீஷ் நிக்கும்." கிரீஷ் என்பவன் அவனுடைய அக்கா மகன். முப்பது வயது, கறுப்புக் கண்ணாடி, வேலை தெரியவில்லை. "பிறகு ஒரு காரியம். சேச்சியும் ஒரு பேப்பர் கொடுக்கணும் கேட்டோ. டம்மி."

டம்மி வேட்பாளர் எல்லாக் கட்சியிலும் உண்டு. நிஜ வேட்பாளரின் மனு ஏதாவது பிசகால் தள்ளுபடியானால் சின்னம் அநாதையாகிவிடக் கூடாது என்று, கூடவே இன்னொரு ஆளும் மனுக் கொடுத்து வைப்பார். நிஜ ஆளின் மனு தேறிவிட்டால் டம்மி வாபஸ். பெரும்பாலும் வேட்பாளரின் வீட்டுக்காரிதான் டம்மி. கையெழுத்துப் போடு என்றால் போடுவாள், போ என்றால் போவாள் என்ற நம்பிக்கை.

"கடை வாசல்ல சேலை கட்டிக்கிட்டு நிக்குதே, அதுக்கும் அதான் பேரு" என்று சொல்லிவிட்டு செண்பகவல்லி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தனியாக வார்டைச் சுற்றி வரக் கிளம்பினேன். மெயின் ரோட்டுக் கடைகளில் எனக்கு ராஜ மரியாதை. "அண்ணாச்சி வந்தாச்சு, இனி நம்ம ஆளு" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். நாலு டீ, இரண்டு சர்பத். தெம்பாக ஆற்றங்கரைப் பக்கம் இறங்கினேன்.

அங்கே ஜெஸ்லின் என்று ஒரு தையல்காரப் பெண். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். முன்னறையிலேயே தையல் மெஷின். நான் கும்பிட்டதும் மெஷினை நிறுத்தினாள்.

"வாருங்க அண்ணாச்சி. அக்கா வரல்லியா?"

"நான்தான் இந்தத் தடவை நிக்கேன்."

"ஓ." மெஷினில் இருந்த நூலை அறுத்தாள். "ஓடைக்க மேல ஸ்லாப் ஒண்ணு ஒடஞ்சு கெடக்கு. பிள்ளையள் விழுந்திரும். எப்ப மாத்துவிய?"

"பாப்போம்மா."

அவள் சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை, பாவம் என்று நினைத்துச் சிரித்தது.

"அக்கா 'பாப்போம்'னு சொல்ல மாட்டாவ அண்ணாச்சி. முடியும்னா முடியும், முடியாதுன்னா முடியாது. எங்க மாமிக்க பென்ஷன் காரியத்துல முடியாதுன்னு மொகத்துக்கு நேர சொன்னாவ. பெறவு ஏன் முடியாதுன்னு இதே படியில இருந்து ஒரு மணிக்கூறு சொல்லித் தந்தாவ. அதுக்குப் பெறவுதான் எங்க வீட்டுல அஞ்சு ஓட்டும் அவியளுக்குன்னு ஆச்சு."

முடியாது என்று சொல்லி ஓட்டு சம்பாதித்த ஆளை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. நாற்பது வருஷத்தில் 'இது சாயம் போகும்' என்று சொல்லி ஒரு ஜாக்கெட் பிட்கூட நான் விற்றதில்லை. அடுத்த பன்னிரண்டு வீடுகளிலும் 'அக்கா வரல்லியா', 'சேச்சி எவிடே', 'மாமி சௌக்கியமா' என்றுதான் கேட்டார்கள். ஒரு வீட்டில் நாய்கூட என்னைத் தாண்டி என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தது. அவள் மடித்து அடுக்கி வைத்த சரக்கை நான் என் லேபிளை ஒட்டி விற்றுக்கொண்டு திரிகிறேன் என்று ஆறாவது வீட்டிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. மீதி வீடுகளுக்கு வீம்புக்குப் போனேன்.

ஆனால் புரிந்து என்ன செய்ய? நான் விலகினால் கிரீஷ் வருவான். கட்சியின் அலமாரியில் அவளுக்குத் தட்டே இல்லை.

மனுக் கொடுக்கக் கடைசி நாள். மூன்று மணிக்குள் கொடுத்தாக வேண்டும். காலை பத்து மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேர் மனுவையும் விரித்து வைத்திருந்தோம். ஐந்து வருஷத்தில் அவளுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது, எந்தக் காகிதத்தையும் கடைசி வரியிலிருந்து மேலே படிப்பாள். என் மனுவையும் அப்படிப் படித்தாள்.

"உங்களை முன்மொழிஞ்சது யாரு?"

"பகவதிப்பெருமாள் அண்ணாச்சி. வேற யாரு?"

பகவதிப்பெருமாள் நாஞ்சில் நாட்டுக்காரர். என் கடைக்கு நேர் எதிரே பாத்திரக்கடை. வியாபாரிகள் சங்கத்தின் தலைவர். என் மனுவில் அவர் கையெழுத்து இல்லாவிட்டால் ஆறு மாதம் பேசமாட்டார்.

"அவருக்கு இங்க ஓட்டு இல்ல."

"என்னட்டி சொல்லுத? முப்பத்தெட்டு வருஷமா எனக்கு எதிர்லதான இருக்காரு!"

"இருக்கது இங்க. தூங்குதது எங்க? வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம். ஓட்டும் அங்கதான். முன்மொழியுத ஆளுக்கு இந்த வார்டுல ஓட்டு இருக்கணும். இல்லைன்னா மனுவைத் தள்ளிருவாங்க."

இது எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. காலை எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்குகிற வியாபாரிக்குக் கடை இருக்கிற இடம்தான் ஊர். வீடு என்பது உடம்பைப் போட்டு வைக்கிற குடோன். பகவதிப்பெருமாள் எந்த வார்டில் தூங்குகிறார் என்று இத்தனை வருஷத்தில் ஒரு வியாபாரியும் அவரைக் கேட்டதில்லை. அவரும் யோசித்ததில்லை. வாக்காளர் எண்ணைக்கூடப் பிசகாமல் எழுதியிருந்தார், பக்கத்து வார்டு எண்.

"அஞ்சுவைக் கூப்பிடுதேன்" என்று எழுந்தாள். அஞ்சு பக்கத்து வீட்டுப் பெண். "புது ஃபாரம் ஒண்ணு இருக்கு. அஞ்சு நிமிஷத்துல கையெழுத்துப் போட்டுருவா. நேரம் இருக்கு."

பேனாவை என் பக்கம் நீட்டினாள்.

நான் பேனாவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எதிராளி சரக்கில் ஓட்டை இருப்பது தெரிந்தால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். இவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், மறுநாள் வார்டு அவளுக்கு. அது தெரியாதவளும் அல்ல.

"இருக்கட்டும்" என்றேன்.

"எது இருக்கட்டும்?"

"பேப்பர் அப்படியே இருக்கட்டும்."

"தள்ளிருவாங்கன்னு சொல்லுதேன்லா?"

"தள்ளட்டும். நான் விலகினாத்தான் கிரீஷு. நாளைக்கு நான் விழுந்தா, புதுசா பேப்பர் குடுக்க கிரீஷுக்கு நேரமில்ல. சின்னம் டம்மிக்குத்தான்."

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குத் தானம் பண்ணுதீங்களோ?"

"நான் யாருக்காவது ஓசியில ஒரு கர்ச்சீப் குடுத்துப் பாத்திருக்கியா? சரக்கு உன்னுது. நான் நடுவுல நின்னு கமிஷன் அடிக்கப் பாத்தேன். கட்டுப்படியாகல."

சொல்லிவிட்டேன். முப்பது வருஷ ஆசை. அலமாரியில் வெள்ளைச் சட்டைகள். அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கை நீட்டி என் சட்டைக் காலரில் இருந்த ஒரு நூலை எடுத்துப் போட்டாள்.

"அப்ப கேட்டுக்கிடுங்க" என்றாள். "என் பேப்பரை நான் ஒழுங்கா எழுதுவேன். உங்க பேப்பர் உங்க பாடு. யாரு கேட்டாலும் நான் பொய் சொல்ல மாட்டேன்."

"உன்னை யாரும் கேக்க மாட்டாங்க. டம்மிகிட்ட யாரு கேப்பா?"

"ஃபிளெக்ஸுல உங்க படம் வேண்டாம்."

"ஓரத்துல சின்னதா ஒண்ணு?"

"வேண்டாம்."

"ஸ்டாம்பு சைஸ்?"

"வேண்டாம்னா வேண்டாம். வார்டு சபையில யாராவது என்னைக் கேட்டா நீங்க பதில் சொல்லப்பிடாது."

"தொண்டை வரைக்கும் வந்துட்டா?"

"தண்ணி குடிங்க. ஓட்டுக் கேக்க வீடு வீடா கூட வரணும். ஆனா மூணடி பின்னாலதான் வரணும்."

"ஒரு அடி."

"ரெண்டரை."

"ஒண்ணரை. பொண்டாட்டி கூட வாரேன், போலீஸ் கூடயா வாரேன்?"

ஒன்றே முக்கால் அடியில் முடிந்தது. ஐம்பத்தெட்டு வயதில் என் வாழ்க்கையில் நான் தோற்ற பேரங்களில் இது ஒன்றில்தான் எனக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாள் மனு பரிசீலனை. தேர்தல் அதிகாரி ஸ்ரீலட்சுமி மேடம் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என் மனுவை இரண்டு தடவை பார்த்தார். முன்மொழிந்தவர் இந்த வார்டு வாக்காளர் இல்லை என்று மலையாளத்தில் சொன்னார். என்னோடு வந்திருந்த பகவதிப்பெருமாள் அண்ணாச்சி எழுந்து நின்றார்.

"எம்மா, முப்பத்தெட்டு வருஷமா நான் அந்த வார்டுல இருக்கேன்! போயி கேட்டுப் பாருங்க. அந்தத் தெருவுல நாய்க்குக்கூட என்னைத் தெரியும்!"

"நாய்க்கு வோட்டில்லல்லோ சாரே" என்றார் ஸ்ரீலட்சுமி மேடம், நிமிராமலேயே. மனுவில் சிவப்பு மையால் ஒரு வரி எழுதினார். அடுத்து செண்பகவல்லியின் மனுவை எடுத்தார். முன்மொழிந்தவர் ஜெஸ்லின். எண் சரி, பாகம் சரி, கையெழுத்து சரி. ஏற்கப்பட்டது.

வராந்தாவுக்கு வந்ததும் சுதீஷ் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான்.

"அண்ணாச்சி, மூணு செட்டு பேப்பர் கொடுக்கலாமல்லோ? எந்தினா ஒரு செட்டு மட்டும் கொடுத்தீங்க?"

"பேப்பர் வேஸ்ட்டாகுமேன்னு பாத்தேன்."

அவன் என் முகத்தையே பார்த்தான். "வியாபாரத்துல நிங்கள் இப்படித் தப்பு பண்ணினதா நான் கேட்டதே இல்லை."

"எல்லாருக்கும் ஒரு நாள் கண்ணு மறைக்கும், சுதீஷே."

அவன் நம்பவில்லை. ஆனால் கையில் வேறு ஆள் இல்லை. அன்று மாலை கமிட்டி கூடி, வேறு வழியில்லாத காரணத்தால், பெண்களின் உரிமைக்காகப் பாடுபடும் ஒரே கட்சி தாங்கள்தான் என்று தீர்மானம் போட்டது. செண்பகவல்லிக்குச் சின்னம் வந்தது. பகவதிப்பெருமாள் அண்ணாச்சி ஆறு மாதத்துக்குப் பேசமாட்டேன் என்று பேசிவிட்டுப் போனார்.

பிரசாரம் மூன்று வாரம். அவள் முன்னால், நான் பேசியபடி அளந்து பின்னால். எதிர்க்கட்சி வேட்பாளர் சேஷன், அக்ரஹாரத்து மனிதர், பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்லவர். எதிரே வந்தால் அவரே வழிவிடுவார். எங்களுக்கு அவர் தொந்தரவாக இல்லை. தொந்தரவாக இருந்தது ஒரே ஒரு கேள்விதான்.

ஃபிளாட்டில் ஒரு அம்மா கதவைப் பாதி திறந்து கேட்டார்கள், "இது இப்போ ஆணுங்களுக்க வார்டு அல்லே? நிங்களுக்கு வேற வார்டு உண்டல்லோ?"

"இது எல்லாருக்கும் உள்ள வார்டு சேச்சி. நானும் எல்லாருல ஒரு ஆள்தான்."

அந்த அம்மா யோசித்துவிட்டுக் கதவை மூடினார்கள். அடுத்த வீட்டில் ஒரு கல்லூரிப் பேராசிரியர் மிகப் பணிவாக, பெண்களுக்கு இத்தனை ஒதுக்கியும் இங்கேயும் வந்து நின்றால் அது நியாயமா என்று கேட்டார். எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. தண்ணீர் குடித்தேன். அக்ரஹாரத்தில் ஒரு மாமி என்னைக் கவனிக்காமல் அவளிடம் குரலைத் தாழ்த்தினார்.

"ஏண்டிம்மா, அவர்னா நிக்கப் போறதா சொன்னா! உடம்பு கிடம்பு சரியில்லையா அவருக்கு?"

"நல்லா இருக்காங்க மாமி. இந்தா, பின்னாலதான் நிக்காங்க."

கும்பிட்டேன். மாமி என்னை ஏற இறங்கப் பார்த்து, மோர் கொண்டுவந்து கொடுத்தார், ஜுரக்காரனுக்குக் கொடுப்பது போல.

கிரீஷும் அவன் கூட்டாளிகளும் கடைசி வாரம் பொன்முடிக்கு டூர் போய்விட்டார்கள். ஃபிளாட்டுகளுக்கு வாக்காளர் சீட்டுக் கொடுக்கிற பொறுப்பு அவர்களுடையது. சீட்டுக் கட்டு கட்சி ஆபீஸ் மேஜையில் ரப்பர் பேண்டோடு கிடந்தது. வாக்குப்பதிவுக்கு முதல் நாள் ஜெஸ்லினும் அஞ்சுவும் செண்பகவல்லியும் நானும் பங்கு போட்டுக்கொண்டு லிஃப்ட் ஏறி இறங்கினோம். பாதி வீடுகளில் ஆள் இல்லை. மீதி வீடுகளில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

எண்ணிக்கை நாள். ஒரு பள்ளிக்கூட ஹாலில் மேஜையும், மொத்த ஓட்டைக் காட்ட ஒரு திரையும் போட்டிருந்தார்கள். எங்கள் வார்டில் மூன்று பூத். நான் ஏஜெண்டாக உள்ளே உட்கார்ந்தேன்.

முதல் பூத், மெயின் ரோடும் ஃபிளாட்டுகளும். செண்பகவல்லி நானூற்றிரண்டு, சேஷன் நானூற்று எண்பத்தொன்பது. எண்பத்தேழு பின்னால்.

இரண்டாவது, அக்ரஹாரம். சேஷனின் சொந்தத் தெரு. செண்பகவல்லி நானூற்று ஐம்பத்தைந்து, சேஷன் நானூற்று இருபத்தொன்று. அவர் தெருவிலேயே முப்பத்துநாலு முன்னால். சேஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மூன்றாவது, ஆற்றங்கரை. முந்நூற்று எழுபத்தொன்று, முந்நூற்று இருபத்தொன்பது. நாற்பத்திரண்டு முன்னால். கூட்டிப் பார்க்க எனக்குக் கால்குலேட்டர் வேண்டாம். திரை மாறுவதற்குள் தெரிந்துவிட்டது. ஆனாலும் திரை மாறும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒருவேளை அரசாங்கத்துக்குக் கணக்கு வேறாக இருக்கலாம் என்று.

செண்பகவல்லி ஆயிரத்து இருநூற்று இருபத்தெட்டு. சேஷன் ஆயிரத்து இருநூற்று முப்பத்தொன்பது.

வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். சொன்னேன். தலையை ஆட்டினாள். கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை, அதுவாகக் காயட்டும் என்று விட்டுவிட்டாள். சேஷன் வந்தார். மாலை அவர் கழுத்தில் புதுச் சட்டை மாதிரி ஒட்டாமல் கிடந்தது.

"அம்மா, நான் ஜெயிச்சேன்னு எனக்கே தோணலை. அந்த பென்ஷன் லிஸ்ட்டு, ஓடை காரியம் எல்லாம் யார்கிட்ட கேக்கறதுன்னும் தெரியலை. நீங்க கொஞ்சம் சொல்லிக் கொடுக்க முடியுமா?"

"முடியும். நாளைக்குக் காலைல வீட்டுக்கு வாங்க. முதல்ல ஜெஸ்லின் வீட்டுக்கு முன்னால ஒரு ஸ்லாப் மாத்தணும்."

அவர் பையிலிருந்து பேனா எடுத்துக் கையிலேயே எழுதிக்கொண்டார். பின்னாலேயே சுதீஷ் வந்தான். முகத்தில் துக்கம், ஆனால் அளவாக.

"சேச்சி சங்கடப்பட வேண்டா. அஞ்சு கொல்லம் கழிஞ்சா இது திரும்பவும் வனிதா வார்டு ஆகும். அப்போ சீட்டு சேச்சிக்குத்தான். நான் வாக்குத் தரேன்."

"எனக்கு வேண்டாம் சுதீஷே. அந்தச் சீட்டை ஜெஸ்லினுக்குக் குடுங்க. அப்ப பக்கத்து வார்டு ஜெனரல் ஆகும்லா? நான் அங்க நிக்கேன்."

சுதீஷ் என்னைப் பார்த்தான். இதுவும் கண் மறைத்ததா என்று கேட்கிற மாதிரி. நான் இரண்டு கையையும் விரித்தேன். நிஜமாகவே எனக்குத் தெரியாது.

ஸ்கூட்டரை அவள் ஓட்டினாள், நான் பின்னால் உட்கார்ந்தேன். பாலத்தில் டிராஃபிக் நின்றது.

"பதினொண்ணு" என்றேன். நாலு நாளைக்கு அந்த எண் என் வாயை விட்டுப் போகாது என்று எனக்குத் தெரியும்.

"ஆறு" என்றாள்.

"பதினொண்ணுட்டி."

"பதினொண்ணு எதுக்கு? அவருக்குப் போட்டவங்கள்ல ஆறு பேரு இந்தப் பக்கம் போட்டிருந்தா நான் ஒரு ஓட்டுல மேல."

மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். சரி. நாற்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவனுக்கு இது தோன்றவில்லை.

அவள் முன்னால் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு வந்தாள். ஃபிளாட்டில் மூன்றாம் மாடி, பாதிக் கதவு அம்மா. அவர்களுடைய வீட்டுக்காரர், அந்த அம்மா எங்கே சொன்னாலும் அங்கே போடுகிறவர். மேலத்தெருவில் மரக்கிளையை வெட்டித் தர முடியாது என்று அவள் சொல்லியனுப்பிய சாமிநாத மாமா. ஆற்றங்கரை ஆட்டோக்காரர் ஜெபசிங், இரண்டு தடவை போயும் வீட்டில் இல்லாதவர், மூன்றாவது தடவை அவள் போகாமல் விட்டவர். நான் விரலை மடக்கிக்கொண்டே வந்தேன். அவள் ஐந்தாவது பெயரை யோசிக்கும்போது சிக்னல் விழுந்து, பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தான்.

வேண்டியது ஆறு. பெயர் தெரிந்தது நாலு. பாக்கி இரண்டு.